பணிக்குத் தடையில்லை

மார்ச் 3, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். நாயகி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மத்திய வங்கியின் ஆளுநர் ஏணி பிடிக்க, வானொலியில் செய்தி வாசிக்கிற புருஷன் பாசி சுரண்டுகிறான். இந்த அலையந்தீவில் வேறு எவனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை என்று மேலிருந்து கத்தினேன். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஏணியை விட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்லங்க. ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிடுச்சு."

"இதுதான் முதல் தடவையா?"

"மூணாவது. யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றாள்.

தொட்டி பாதி கழுவியபடி நிற்கிறது.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி. இதயத் துடிப்பு நடுநடுவே ஒரு நொடி தடுக்கித் திரும்பவும் ஓடுகிறதாம். தோளுக்குக் கீழே சின்னதாக ஒரு கருவி வைத்தால் சரியாகிவிடும், இரண்டு நாள் படுக்கை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். எப்போது வைக்கலாம் என்று கேட்டேன். "நீங்க சொல்ற அன்னைக்கு. அதுவரைக்கும் மாத்திரை, வாராவாரம் ஒரு ஈசிஜி. வேலை பார்க்கலாம், வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம்." எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கடைசி வரி: பணிக்குத் தடையில்லை.

நாயகி அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, "மே மாசம் வச்சுக்கலாம்" என்றாள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி வங்கியின் வட்டிக் குழு அவள் தலைமையில் கூடுகிறது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க மாட்டாளாம்.

நான் வாதாடவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் வாதாடி நான் ஜெயித்தது ஒரே தடவை, மகளுக்கு இளவேனில் என்று பெயர் வைத்தபோது. அந்த இளவேனில் இப்போது டொரொன்டோவில் இருக்கிறாள். அவளிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

டாக்டர் அறிக்கை இருக்கிற கோப்பை என் அலமாரியில், வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

கோதண்டம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். நாட்டுக்கு நிதியமைச்சர். எனக்குக் கல்லூரியில் அறைத்தோழன், என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். காவலர்களை வாசலில் நிறுத்திவிட்டு நேரே சமையலறைக்குள் வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. வஞ்சிரம் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது.

மூன்றாவது துண்டு மீனில்தான் பேச்சை எடுத்தான்.

"தங்கச்சி, ஒரே ஒரு சதவீதம். மே பத்து தேர்தல். ஏப்ரல் கூட்டத்துல நீ வட்டியக் குறைச்சிட்டா சனங்க மூச்சு விடுவாங்க."

"அண்ணே, இன்னொரு துண்டு வச்சுக்குங்க."

"நான் மீனா கேட்டேன்?"

நாயகி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "வட்டி குறைஞ்சா நம்ம பணத்தோட மதிப்பு இறங்கும். அரிசி, பருப்பு, டீசல் எல்லாமே கப்பல்ல வருது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் அரிசி எவ்வளவு ஏறியிருக்கு, உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காய்ச்சல் இப்பத்தான் இறங்க ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போயி குளிக்கச் சொல்றீங்க."

"ஒரு சதவீதத்துக்கா இவ்வளவு?"

"தேர்தலுக்காகக் குறைச்சாங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. கப்பல்காரன் நம்ம பணத்தை வாங்கவே யோசிப்பான். அதுக்குத்தானே அண்ணே, அமைச்சர் யாரும் வங்கியில கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்க?"

"போட்டேன், போட்டேன். நானே கை தூக்குனேன்." வாய்விட்டுச் சிரித்தான். ஆறு வருடத்துக்கு ஆளுநரை அசைக்க முடியாது. நாடாளுமன்றத்தில் குற்றம் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு முடியவில்லை என்று அவளாகவே விலக வேண்டும். அந்தச் சட்டம் நிறைவேறிய செய்தியையும் நான்தான் வாசித்தேன்.

போகும்போது பாயசத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனான். நாயகி வாசல்வரை போய் வழியனுப்பினாள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

கோதண்டம் வானொலி நிலையத்துப் பக்கம் வந்தான். கேன்டீனில் டீ குடித்தோம். வேறு விசேஷம் இல்லை.

நாயகியின் பச்சைப் புடவையை இஸ்திரி போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மீன் சந்தையில் மரியசெல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருடமாக அவளிடம்தான் வாங்குகிறேன்.

"ஐயா, அம்மாகிட்டச் சொல்லி வட்டியக் குறைக்கச் சொல்லுங்க. ரெண்டாவது படகு வாங்கலாம்னு பாத்தா, வங்கியில கேக்குற வட்டியில மூச்சு முட்டுது."

வீட்டுக்கு வந்து நாயகியிடம் சொன்னேன். எதிர்வாதம் செய்வாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தம்மா சொல்றது நியாயம்தாங்க" என்றாள். "எனக்கு வர்ற கடுதாசில பாதி அப்படித்தான் வருது. எல்லாத்தையும் படிக்கிறேன். குறைக்கலாம்கிற நாள் வந்துச்சுன்னா ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன். ஆனா அது என்னைக்குன்னு அரிசி விலை சொல்லணும். கோதண்டண்ணன் சொல்லக் கூடாது."

கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்றாள்.

மார்ச் 28, சனி

தேர்தல் கூட்டத்தில் கோதண்டம் பேசியதை இன்று நான்தான் வாசித்தேன். 'ஆளுநர் நல்லவர், ஆனால் களைத்துப்போயிருக்கிறார். களைத்தவரைச் சுமக்க வைப்பது நாட்டுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.'

சாயங்காலம் நாயகி கேட்டாள்: "களைச்சிருக்கேன்னு அண்ணனுக்கு எப்படித் தோணுச்சு?"

"அரசியல்வாதி வாய். எதையாவது சொல்லும்."

மோட்டார் பம்பின் வாஷரை மாற்றினேன். இப்போது தண்ணீர் ஒழுகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நாயகி மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நிதியமைச்சகத்துக் கடிதம். அவளுடைய உடல்நிலை குறித்து அரசு மிகவும் கவலைப்படுகிறதாம். ஒன்பதாம் தேதிக்கு முன்பாக மருத்துவ விடுப்பில் சென்று, பிறகு வசதிப்படி விலகிக்கொள்ளலாமாம். எல்லா மரியாதையும் செய்வார்களாம். இணைப்பாக டாக்டர் எழுதிய அறிக்கையின் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் இல்லை. அதாவது அந்தக் கடைசி வரி இல்லை.

"ஆஸ்பத்திரியில இருந்துதான் போயிருக்கு" என்றாள். "டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு கொதிச்சுப் போயிட்டாரு. பதிவேட்டு அறையில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, அது பொறுப்புலதான் கோப்பு எல்லாம் இருக்காம். விசாரணை முடியுற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்."

காபி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

அடுப்பைத் துடைத்தேன்.

ஏப்ரல் 4, சனி

மார்ச் பத்தொன்பதாம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

கேன்டீனில் டீ குடிக்கும்போது கோதண்டம், "நாயகி முகம் வாடியிருக்கே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருடப் பழக்கம். சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் பெரிய டாக்டர் ஒருவரைத் தெரியும், காட்டலாம், கோப்பைக் கொடு என்றான். மறுநாள் வேட்டிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டான்.

இதை இங்கே எழுதிப் பார்த்தேன். பிறகு நாயகியிடம் போய்ச் சொன்னேன். அவள் தோட்டத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கீரையைக் கீழே வைக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எந்தப் பொண்ணு?"

"ஜெசிந்தா."

"தெரியாது."

"போங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயி, அது மேல தப்பில்ல, நான்தான் கொடுத்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு வாங்க. மத்தது அப்புறம்."

போனேன். டாக்டர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெசிந்தாவுக்கு அங்கிருந்தே போன் செய்தார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னதும், அந்தப் பெண் தொலைபேசியில் அழுதது எனக்கும் கேட்டது. இரண்டு பிள்ளைகள்.

திரும்பி வந்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. நாயகி மாடியில் இருந்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மூன்று நாளாகப் பேச்சில்லை. ஆனால் காலையில் என் ரத்த அழுத்த மாத்திரை தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வழக்கம்போல இருக்கிறது. நானும் அவள் மாத்திரையை எடுத்து வைக்கிறேன். போட்டுக்கொள்கிறாள்.

கோதண்டத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பச்சைப் புடவையில் கிளம்பினாள். வட்டிக் குழு மூன்று மணிக்கு.

பன்னிரண்டே முக்காலுக்கு நிலையத்தில் என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. நிதியமைச்சகத்திலிருந்து, ஒரு மணிச் செய்தியில் முதல் செய்தியாக வாசிக்க. 'மத்திய வங்கி ஆளுநர் தில்லைநாயகி உடல்நலக் குறைவு காரணமாக இன்றுமுதல் விடுப்பில் செல்கிறார். இன்றைய வட்டிக் குழுக் கூட்டத்துக்குத் துணை ஆளுநர் தலைமை ஏற்பார்.'

செய்தி ஆசிரியர் சபாபதி என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "வைத்தி, வேற யாரையாவது வாசிக்கச் சொல்லட்டுமா?"

"உறுதிப்படுத்தியாச்சா?"

"அமைச்சகத்துத் தாள்யா. அதுக்கு மேல என்ன உறுதி?"

"ஒருத்தரைப் பத்தின செய்தின்னா அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும். சுவத்துல எழுதி மாட்டியிருக்கோமே."

சபாபதி சுவரைப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார்.

வங்கியின் எண்ணுக்கு அடித்தேன். செயலாளர் எடுத்தார். "வானொலிச் செய்திப் பிரிவு, வைத்திலிங்கம். ஆளுநரிடம் பேச வேண்டும்." அவருக்கு என் குரல் தெரியும். ஆனாலும், "ஒரு நிமிடம் சார்" என்றார்.

"தில்லைநாயகி பேசுகிறேன்."

ஐந்து நாள் கழித்து அந்தக் குரல். தாளைப் பார்த்து வாசித்தேன். வாசித்துவிட்டு, "இந்தச் செய்தி சரிதானா, ஆளுநர் அவர்களே?" என்று கேட்டேன்.

"சரியல்ல. நான் விடுப்புக் கேட்கவில்லை. கூட்டம் மூன்று மணிக்கு. தலைமை ஏற்பது நான். இதை என் பெயரிலேயே வெளியிடலாம்."

"நன்றி."

வைக்கப் போனேன்.

"ஏங்க."

"சொல்லு."

"இதை வாசிச்சா உங்க வேலைக்கு என்ன ஆகும்?"

"தெரியல."

"டிபன் பாக்ஸ்ல எலுமிச்சம்பழ சாதம் இருக்கு. சாப்பிட்டுட்டு வாசிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாப்பிட நேரமில்லை. ஒரு மணிக்கு வாசித்தேன். ஆளுநர் விடுப்பில் செல்வதாக நிதியமைச்சகம் அறிவித்துள்ளது. இதை ஆளுநர் மறுத்துள்ளார். இன்றைய கூட்டத்துக்குத் தாமே தலைமை ஏற்கப்போவதாக அவர் வானொலிக்குத் தெரிவித்தார். பிறகு நாடாளுமன்றம், மழை, மீனவர்களுக்கான எச்சரிக்கை. முப்பத்தொரு வருடத்தில் என் குரல் நடுங்கியது இன்றைக்குத்தான். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் நடுங்கியது.

வெளியே வந்ததும் சபாபதி தண்ணீர் கொடுத்தார்.

மாலையில் தெரிந்தது. கூட்டத்தை நடத்தச் சொல்லித் துணை ஆளுநருக்குக் காலையிலேயே ஓலை போயிருக்கிறது. மனிதர் ஒரு மணிச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாயகிக்கு இடது பக்கம் தன் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து பேரில் மூன்று பேர் வட்டி அப்படியே இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். அந்த மூன்றில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு நாயகி பத்திரிகையாளர்களைச் சந்தித்தாள். வட்டியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் டாக்டரின் அறிக்கையை எடுத்து இரண்டு பக்கத்தையும் தானே படித்தாள். துடிப்பு தடுக்குவது, கருவி, கடைசி வரி, எல்லாம். "மே மாதம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பேன். என் உடம்பைப் பற்றி இனி யாரும் யாரிடமும் ரகசியமாகக் கேட்க வேண்டியதில்லை" என்றாள். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மறு உத்தரவு வரும்வரை நான் ஒலிபரப்புக்குப் போகக் கூடாது. ஒலிநாடாக் கிடங்கில் வேலை. அங்கே மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

இளவேனில் டொரொன்டோவிலிருந்து கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினாள். இரண்டு பேரையும் சமமாக.

ஏப்ரல் 18, சனி

பாதியில் நின்ற தொட்டியை இன்று முழுதாகக் கழுவினேன். இறங்கி வந்தபோது நாயகி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "சிங்கப்பூர் டாக்டருக்காகத்தான் கொடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாலாம் தேதி அவளிடமும் இந்தக் குறிப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

"இல்ல" என்றேன். "சிங்கப்பூர்னு அவன் சொன்னான், நெசம்தான். ஆனா கோப்பை வாங்கும்போதே, 'மரியாதையா ஓய்வு கொடுத்துடலாம்டா, நாயகி வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்'னும் சொன்னான். எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சுதான் கொடுத்தேன்."

மோரைக் குடித்து முடித்தேன்.

"அன்னைக்கு ஏணிக்குக் கீழ உன்னை அப்படிப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. வட்டி எப்படிப் போனா என்ன, நீ வீட்டுக்கு வந்துட்டாப் போதும்னு இருந்துச்சு."

மோர் டம்ளரை வாங்கிக் கல்லில் வைத்தாள். "கோதண்டண்ணனுக்குத் தேர்தல் பயம்" என்றாள். "உங்களுக்கு என்னைப் பத்திப் பயம். ரெண்டு பேரும் அவங்கவங்க பயத்துக்கு என் நாற்காலியக் கேட்டீங்க. என்கிட்ட மட்டும் யாரும் கேக்கல."

"தப்புதான்."

"பெரிய தப்பு."

"ஆமா."

"எனக்கும்தாங்க பயம். கூட்டத்துல உக்காந்திருக்கும்போது துடிப்ப எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்." என் ஈர வேட்டியில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டாள். "அதை உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்கன்னுதான் சொல்லல."

"சொல்லியிருப்பேன்."

"தெரியும்." சிரித்தாள். பதினான்கு நாளைக்குப் பிறகு.

மே 12, செவ்வாய்

ஆளும் கட்சிதான் ஜெயித்தது, ஆறு இடம் குறைவாக. கோதண்டமும் ஜெயித்துவிட்டான். ஆனால் இந்தத் தடவை அவனுக்கு நிதி இல்லை, மீன்வளம்தானாம். இன்று போன் செய்தான். நான் எடுத்தேன்.

"வைத்தி, தங்கச்சி பேசுவாளா?"

நாயகியிடம் கொடுத்தேன். அவள் அவனைத் திட்டவில்லை, குசலம் விசாரிக்கவும் இல்லை. "அண்ணே, எனக்கு ஆபரேஷன் முடியட்டும். நான் கூப்பிடும்போது வாங்க. அதுவரைக்கும் வராதீங்க" என்றாள். அவன் ஏதோ சொன்னான். "மன்னிக்கிறது வேற, மறக்கிறது வேறண்ணே. மன்னிச்சாச்சு" என்று வைத்துவிட்டாள். எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சமையல் உப்புச் சப்பில்லாமல் இருப்பதும் உண்மை.

அரிசி விலை இந்த மாதம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இது வெற்றியா என்று கேட்டேன். "ஏறாம இருக்குல்ல?" என்றாள். ஜூன் கூட்டத்தில் கால் சதவீதம் குறைக்க முடியுமா என்று பார்க்கிறாளாம். மரியசெல்வியிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தாள். சொல்ல மாட்டேன்.

மே 15, வெள்ளி

காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். எட்டரைக்கு உள்ளே கூட்டிப்போவார்கள். ஒரு நர்ஸ் வந்து படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். நாயகி கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் நான் கேள்விகளைப் படித்தேன், அவள் எழுதினாள்.

ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டேன்.

"என்னங்க? படிங்க."

"உங்கள் உடல்நலம் பற்றிய தகவல்களை யாரிடம் தெரிவிக்கலாம்?"

அவள் பேனாவை எடுக்கவில்லை. நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. "இளவேனில் நம்பரைப் போட்டுடலாம்" என்றேன். "அவகிட்டச் சொன்னா அவ எனக்குச் சொல்லிடுவா."

"டொரொன்டோவுல இப்ப ராத்திரி."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாததால் முகத்தைத் தாளுக்குக் கிட்டே கொண்டுபோய், கோட்டைத் தாண்டிப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். வைத்திலிங்கம். கணவர். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது, 'வேறு யாரிடமாவது?' என்று. அதில் 'இல்லை' என்று எழுதினாள்.

பிறகு வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாக என் கையில் போட்டாள். தள்ளுவண்டி வந்தது. "பயப்படாம இருங்க" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

மணி ஒன்பதே முக்கால். வளையல்கள் சட்டைப்பையில் இருக்கின்றன. இப்போதுதான் டாக்டர் வெளியே வந்து, இங்கே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, என் பெயரைச் சொல்லி என்னை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார்: நன்றாக இருக்கிறாள், துடிப்பு தடுக்காமல் ஓடுகிறது.